பெரிய லாட்டாகப் பங்கு விற்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன வருடம் கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் என்னைப் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் அவருடைய அப்பா காலத்திலிருந்து சேர்ந்த ஒரு சின்ன கம்பெனியின் பங்குகள் பற்றிய காகிதங்கள். மொத்தம் 8 லட்சம் பங்குகள். பேத்தியின் படிப்புக்கும், பழைய வீட்டைப் பிரித்துக் கொடுப்பதற்கும் பணம் தேவைப்பட்டது. முந்தைய வாரம் ஒரு காலை 9 மணிக்குச் சந்தை திறந்ததும், கைப்பேசி ஆப்பில் எட்டு லட்சத்தையும் ஒரே ஆர்டராக 1.42 ரிங்கிட்டுக்குப் போட்டிருக்கிறார். அந்த நேரத்தில் வாங்கும் பக்கத்தில் திரையில் தெரிந்தது மொத்தமே 35,000 பங்குகள்தான். எட்டு லட்சம் என்ற எண்ணைப் பார்த்ததும் வாங்க நின்றவர்களும் பின்வாங்கினார்கள். அவரும் விடாமல் விலையைக் குறைத்துக்கொண்டே போனார். மாலை 5 மணிக்குச் சந்தை மூடும்போது விலை 1.27, விற்றது 1 லட்சத்து 10 ஆயிரம் மட்டும். மீதி 6 லட்சத்து 90 ஆயிரம் பங்குகளின் மதிப்பில் ஒரே நாளில் 1 லட்சத்து 3,500 ரிங்கிட் கரைந்துவிட்டது.

"தம்பி, கம்பெனியில ஏதும் பிரச்சினையா?" என்று என்னிடம் கேட்டார். "கம்பெனிக்கு ஒன்னும் இல்லைங்க ஐயா, உங்க ஆர்டர்தான் அதை இறக்கியிருக்கு" என்றேன். சொல்லவே கஷ்டமாக இருந்தது.

இருபது வருடத்துக்கு மேலாகப் பங்கு புரோக்கர் வேலையில் இருக்கிறேன். இதே தவறைச் சின்ன முதலீட்டாளர்களும் செய்கிறார்கள், பெரிய குடும்பத்துக் கம்பெனிகளும் செய்கின்றன. நூறு பங்கு கொண்ட ஒரு லாட்டை விற்பதும் எட்டாயிரம் லாட்டை விற்பதும் ஒரே வேலை, எண்தான் பெரிது என்று நினைப்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. பெரியவர் வைத்திருந்த அந்த கவுண்டரில், அதாவது சந்தையில் அந்தக் கம்பெனியின் பங்கில், ஒரு நாளைக்குச் சராசரியாக 40,000 பங்குகள்தான் கைமாறும். எட்டு லட்சம் என்றால் இருபது வர்த்தக நாட்களின் மொத்த வியாபாரம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதத்து வியாபாரம் முழுவதும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். நடப்பதில் கால்வாசிக்கு மேல் நாம் இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடாக விற்றால் எண்பது நாட்கள், நாலு மாதம். விற்பதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மேபேங்க், தெனாகா மாதிரி பெரிய கவுண்டர் என்றால் கணினி நிரல் ஆர்டரைத் துண்டு துண்டாக வெட்டி நாள் முழுக்க மெதுவாக விற்றுக் கொடுக்கும், அதற்கு ஆள் தேவையில்லை, நானே பல முறை அதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் வாங்க ஆளே இல்லாத இடத்தில் எவ்வளவு நன்றாக வெட்டினாலும் வாங்க ஆள் வரப்போவதில்லை.

அப்படிப்பட்ட பங்குக்கு நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் வேறு வழி இருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் விலையையும் எண்ணிக்கையையும் திரைக்கு வெளியே பேசி முடிவு செய்து, புரோக்கர் வழியாக அதைச் சந்தையில் பதிவு செய்யலாம். நேரடி வர்த்தகம் என்று இதற்குப் பெயர். பழைய ஆட்கள் இன்னும் மேரீட் டீல் என்பார்கள், பத்திரிகைகளில் ஆஃப்-மார்க்கெட் என்று வரும். சட்டப்படியானது, எல்லாரும் பார்க்கும்படி தனியாக வெளியிடப்படுவது. ஆனால் மறுபக்கம் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். திரை அதைச் சொல்லாது, ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த தவறு இங்கேதான் நடக்கிறது. "சரி, ஆள்தானே வேண்டும்" என்று நாலு புரோக்கர்களிடம் ஒரே நேரத்தில் சொல்லிவிடுகிறார்கள். நாலு பேரும் ஆளுக்கு ஐந்து இடத்தில் கேட்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதைவிட மோசம், ஒரே பங்கு நாலு வழியாகப் போனதால், கேட்பவர்களுக்கு நாலு பெரிய விற்பனையாளர்கள் இருப்பது போலத் தோன்றும். ஒரு லாட் நாலு லாட்டாகக் காதில் விழும். நிறையப் பேரிடம் சொன்னால் நல்ல விலை கிடைக்கும் என்பது வீடு விற்பதற்குப் பொருந்தலாம். பெரிய லாட் பங்குக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர் போதும்.

அந்தப் பெரியவரின் பங்குக்கு நான் செய்தது என்ன என்று சொல்கிறேன். முதலில் சும்மா இருந்தேன். ஆறு வாரம் எதுவும் விற்கவில்லை, விலை மெதுவாக 1.38-க்கு ஏறி வந்தது. அதற்குள் கம்பெனியின் கடந்த மூன்று வருட ஆண்டறிக்கைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களிலும் 30 பெரிய பங்குதாரர்களின் பட்டியல் இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். மூன்று பட்டியலையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், யார் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள், யார் வெளியேறுகிறார்கள் என்று தெரியும். பாதிப் பெயர்கள் வேறொருவருக்காகப் பங்கை வைத்திருக்கும் நோமினி கணக்குகள்தான், பின்னால் இருப்பது யார் என்று காகிதம் சொல்லாது. அதில் ஒரு நோமினி பெயர் மூன்று வருடமாக ஏறிக்கொண்டே வந்தது. அது யாராக இருக்கும் என்று யோசித்தபோது ஒரு பழைய பேச்சு நினைவுக்கு வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் ஒரு ஃபண்டிலிருந்து வந்திருந்த பெண் ஒருவர் எழுந்து, தொழிற்சாலையின் இரண்டாவது ஷிப்ட் பற்றி மூன்று கேள்விகள் கேட்டார். அன்று வெளியே வந்து தே தாரிக் குடிக்கும்போது, "அண்ணே, எனக்கு இந்தக் கம்பெனி ரொம்பப் பிடிக்கும், ஆனா வாங்க முடியல, பத்தாயிரம் வாங்கினாலே விலை ஏறிடுது" என்று சொன்னார். அது என் மனதில் இருந்தது. விற்பவருக்கு என்ன தலைவலியோ அதே தலைவலிதான் வாங்குபவருக்கும், அவர் வாங்கப் போனால் விலை ஏறும், இவர் விற்கப் போனால் இறங்கும். இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் திரையின் இரண்டு பக்கத்திலும் ஒளிந்துகொண்டு நிற்கிறார்கள். இரண்டு பேரையும் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு அழைப்பு. கம்பெனியின் பெயரைச் சொல்லாமல், சின்ன உற்பத்திக் கம்பெனி, ஏழு இலக்கத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகை, கேட்க விருப்பமா என்று முதலில் கேட்டேன். விருப்பம் என்றால், பெயரைக் கேட்ட பிறகு பேரம் முடியும்வரை அந்தப் பங்கைத் தொடக் கூடாது என்றேன். ஒத்துக்கொண்ட பிறகுதான் பெயர். இரண்டு நாளில் 6 லட்சத்து 90 ஆயிரமும் 1.35-க்கு ஒரே பதிவாக முடிந்தது. திரை விலையைவிட 3 சென் குறைவு, 20,700 ரிங்கிட். பெரியவருக்கு அது உறுத்தியது, நியாயம்தான். ஆனால் அன்று ஆப்பில் போனதோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு.

பெயர் சொல்லாமல் ஏன் ஆரம்பித்தேன் என்பது முக்கியம். உறவு இருக்கிறது என்பதற்காக எதையும் பேசலாம் என்று நினைப்பது பெரிய தவறு, சிறைக்குக் கொண்டுபோகும் தவறு. ஒரு பெரிய விற்பனை வரப்போகிறது என்பதே விலையை அசைக்கும் தகவல். மலேசியாவில் மூலதனச் சந்தை மற்றும் சேவைச் சட்டம் 2007-இன் 188-ஆம் பிரிவின்படி, வெளியே யாருக்கும் தெரியாத உள்தகவலை வைத்து வர்த்தகம் செய்தால் 10 வருடம் வரை சிறை, அபராதம் குறைந்தது 10 லட்சம் ரிங்கிட். அமெரிக்காவில் மோர்கன் ஸ்டான்லி வங்கி 2024 ஜனவரியில் 249 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது இதே விஷயத்துக்காகத்தான். விற்க வந்த வாடிக்கையாளர்கள் ரகசியமாக வைக்கச் சொன்ன பிளாக் விற்பனை, அதாவது பெரிய லாட் விற்பனைத் தகவலை, அங்கிருந்தவர்கள் ஹெட்ஜ் ஃபண்டுகள் என்ற பெரிய தனியார் முதலீட்டு நிதிகள் சிலவற்றுக்கு முன்கூட்டியே கசியவிட்டார்கள். வாங்குபவரோடு நெருக்கம் காட்டுவதற்காக, விற்பவரின் ரகசியத்தை எடுத்துக் கொடுப்பதற்குப் பெயர் உறவு இல்லை. உங்களிடம் ஒரு டீலர் "இன்னார் பெரிய லாட் விற்கப் போறார், உங்களுக்கு மட்டும் சொல்றேன்" என்றால், நாளைக்கு உங்கள் கதையும் இன்னொருவருக்கு மட்டும் சொல்லப்படும். அவரிடம் உங்கள் பங்கைக் கொடுக்காதீர்கள்.

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கடன் கொடுத்து வாங்கும் செட்டியார் கிட்டங்கிகள் இருந்த காலத்தை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். யாருக்கு எப்போது பணம் தேவைப்படும், யாரிடம் சும்மா கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், ஆனால் ஒருவர் கணக்கு இன்னொருவர் காதுக்குப் போகாது. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல்லைத்தான் தமிழில் வைத்திருக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஆளை நம்பி விவரத்தைப் பார்க்காமல் விடுவது. 2021 மார்ச்சில் ஆர்கெகோஸ் என்ற நியூயார்க் முதலீட்டு நிறுவனம் சரிந்தபோது நடந்தது இதுதான். பல பெரிய வங்கிகள் அதற்குக் கடன் கொடுத்திருந்தன, வாடிக்கையாளரை நன்றாகத் தெரியும் என்றுதான் எல்லாருமே நினைத்தார்கள். அதே பங்குகளை வைத்து மற்ற வங்கிகளிடமும் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்ற முழுக் கணக்கு ஒருவரிடமும் இல்லை. கடைசியில் எல்லாரும் பிளாக் பிளாக்காக விற்க ஓடினார்கள். முந்திக்கொண்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள், பின்தங்கிய கிரெடிட் சுவிஸுக்கு ஏறக்குறைய 5.5 பில்லியன் டாலர் நஷ்டம்.

நம் ஊர் அளவில் இது எப்படி வரும் என்றால், தேதி பார்க்காமல் விற்பது. டிசம்பரில் கணக்கு முடிக்கும் கம்பெனிகளின் காலாண்டு முடிவுகள் பெரும்பாலும் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதக் கடைசியில் குவியும். முடிவு வர ஒரு வாரம் இருக்கும்போது பெரிய லாட்டைத் தூக்கிக்கொண்டு போனால், எதிரில் இருப்பவர் "இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது" என்றுதான் நினைப்பார், விலையை அடிப்பார் அல்லது விலகுவார். புர்சாவின் முக்கியக் குறியீடான கேஎல்சிஐயின் 30 கம்பெனிகள் ஜூனிலும் டிசம்பரிலும் மறுஆய்வுக்கு வருகின்றன, குறியீட்டில் நுழையும் பங்கை அந்த நேரத்தில் வாங்கியே ஆக வேண்டிய ஃபண்டுகள் இருக்கும். ஊழியர் சேமநிதி வாரியம் 5 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனிகளில் அதன் வாங்கல் விற்றல் புர்சா அறிவிப்புகளில் வந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் படிக்காமல் வெறும் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தொழில் செய்ய முடியாது.

குடும்பமாகப் பங்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு கம்பெனியின் பங்குகளில் 5 சதவீதம் தொட்டால் அறிவிக்கும் கடமை வரும், 33 சதவீதத்தைத் தாண்டினால் மற்ற பங்குதாரர்கள் எல்லாருக்கும் விலை சொல்லி வாங்க முன்வர வேண்டிய கட்டாயம் வரும். வாங்குபவர் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்று பேரம் பேசுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மீதியை மறைப்பது. இருபது லட்சம் வைத்துக்கொண்டு ஐந்து லட்சம்தான் என்று சொல்லி விற்பார்கள், மீதியை அடுத்த வாரம் திரையில் தள்ளுவார்கள். ஐந்து லட்சம் வாங்கியவரின் பங்கு அவர் கண் முன்னால் சரியும். எனக்கு ஆரம்ப காலத்தில் இது நடந்தது, என் வாடிக்கையாளர் என்னிடமே மறைத்துவிட்டார். அதைத் தெரியாமல் நான் "இவ்வளவுதான், இதோடு சரி" என்று வாங்கியவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த ஃபண்ட் மேலாளர் நாலு வருடம் என் அழைப்பை எடுக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இதோடு முடிந்தது என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால், அதற்கே வாங்குபவர் ஒன்றிரண்டு சென் கூடக் கொடுப்பார், ஏனென்றால் தலைக்கு மேல் தொங்கும் பங்கு இனி இல்லை என்று அவருக்குத் தெரிகிறது. பேசி முடித்த விலையைக் கடைசி நிமிடத்தில் அரை சென் இழுப்பதும் இதே வகைதான். அந்த அரை சென் கிடைக்கலாம், ஆனால் அடுத்த முறை உங்கள் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முதலிலேயே ஐந்து சென் குறைத்துத்தான் ஆரம்பிப்பார்.

உறவு என்றால் விருந்தும் கோல்ஃபும் தீபாவளிக் கூடையும் என்று இளம் டீலர்கள் சிலர் நினைக்கிறார்கள், அதில் தப்பில்லை, ஆனால் அது போதாது. என் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் எதைத் தேடினார், எந்த விலைக்கு வேண்டாம் என்றார், ஏன் என்றார் என்று தேதியோடு இருக்கும். வியாபாரம் எதுவும் இல்லாத நாளிலும் கூப்பிடுவேன். அந்தப் பெரியவரின் பங்கை வாங்கிய பெண்ணுக்கு, அடுத்த காலாண்டு முடிவு வந்தபோதும் கூப்பிட்டேன். லாபம் குறைந்திருந்தது, விலையும் 1.30-க்கு வந்திருந்தது. முதலில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை அண்ணே, ரெண்டாவது ஷிப்ட் ஆரம்பிச்சிட்டாங்க, நான் மூணு வருஷத்துக்குத்தான் வாங்கினேன்" என்றார். அதையும் எழுதி வைத்தேன்.

உங்களிடம் பெரிய லாட் இருந்தால், புரோக்கரிடம் கொடுக்கும் முன் இதைக் கேளுங்கள்: இந்தக் கவுண்டரில் கடைசியாக எப்போது ஆஃப்-மார்க்கெட் பேரம் நடந்தது, முதலில் யாரை மாதிரியான ஆளைக் கூப்பிடுவீர்கள், அவர் வேண்டாம் என்றால் என் ஆர்டரை என்ன செய்வீர்கள்? பெயர்களைச் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் பதில் சொல்ல அவர் எதைப் புரட்டுகிறார் என்று கவனியுங்கள். உடனே திரையைத் திருப்பிக் காட்டி விலையைப் படிக்க ஆரம்பித்தால், நன்றி சொல்லிவிட்டு உங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.