பழைய பெயரைத் தாளில் மட்டும் வைக்காதீர்கள்

மும்பை தாராவியில் பிறப்புப் பதிவு, பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் ஆகியவற்றுக்கான படிவங்களை நிரப்பித் தருவது என் தொழில். இசக்கி, சுடலை, பேச்சி, ஆவுடையப்பன் என்று திருநெல்வேலியிலிருந்து எங்களோடு ரயிலேறி வந்த பெயர்கள் இப்போது தாத்தா பாட்டிகளின் ரேஷன் அட்டைகளில்தான் மிஞ்சியிருக்கின்றன. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவற்றைக் கைவிடும்போது இளம் பெற்றோர் செய்யும் தவறுகள் நான் செய்தவையாகவே இருப்பதுதான் உறுத்துகிறது.

தாளில் ஒன்று, வாயில் ஒன்று

1995-இல் என் மகள் பிறந்தபோது, குலதெய்வத்தின் பெயரையே வைக்க வேண்டும் என்று என் தாயார் ஊரிலிருந்து கடிதம் எழுதினார். மனைவிக்கோ முந்தைய ஆண்டு உலக அழகியான ஐஸ்வர்யா ராயின் பெயர்மீது ஆசை. பிறப்புச் சான்றிதழில் இசக்கியம்மாள் என்றும் பள்ளியில் ஐஸ்வர்யா என்றும் எழுதிக்கொடுத்து, இருவரையும் சமாளித்துவிட்டதாகப் பெருமைப்பட்டேன்.

2015-இல் அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது மாட்டிக்கொண்டோம். 1989 ஜனவரி 26 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் என்பது அன்றைய விதி. சான்றிதழில் இருப்பவளும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பவளும் ஒருத்திதான் என்று காட்டுவதற்குப் பிரமாணப் பத்திரம், மகாராஷ்டிர அரசிதழ் அறிவிப்பு என்று அலைந்து முடிப்பதற்குள், வெளிநாட்டில் அவள் வேலையில் சேர வேண்டிய தேதி கடந்துவிட்டது. அதைவிடக் கொடுமை, பெயரை இரண்டாகப் பிரித்துக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் 'அம்மாள்' என்று எழுதியிருந்தது என் கையெழுத்தேதான்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கும் ஒரே ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். அப்படியிருந்தும் சென்ற வாரம் ஓர் இளைஞர், "பாட்டிக்காகத் தாளில் மட்டும் பேச்சியம்மாள் என்று இருக்கட்டும், அண்ணாச்சி" என்றார். படிவத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

குடும்பப்பெயர்க் கட்டம்

2024 மே 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு மகாராஷ்டிர அரசு ஆவணங்களில் குழந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப்பெயர் என்பதே வரிசை. தலைப்பெழுத்தோடு வாழ்ந்து பழகிய நாம் கடைசிக் கட்டத்தில் எதை எழுதினாலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே எழுத வேண்டும்.

எண்கணிதத்துக்காக எழுத்தைக் கூட்டுவது

வேண்டாம்.

அவசரப்பட்டு முடிவெடுப்பது

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதால் பெயரையும் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று பலர் பதறுகிறார்கள். பெயரின்றியே பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த இளைஞரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்பினேன். பாட்டியிடம் பேசுவதற்காக ஊருக்குப் போயிருக்கிறார்.