பழைய கணினிக்கு டிஸ்க் டிரைவர்: பைட் வரிசையில் சறுக்கும் இடங்கள்

மோட்டரோலா சிப்புக்கும் இன்டெல் சிப்புக்கும் பைட் வரிசை (எண்ணின் பைட்டுகளை நினைவகத்தில் வைக்கும் முறை: மோட்டரோலாவில் மேல் பைட் முதலில், இன்டெல்லில் கீழ் பைட் முதலில்) நேரெதிர் என்பது தெரியாமல் இந்த வேலைக்கு யாரும் வருவதில்லை. அதை விட்டுவிடுகிறேன். அட்டாரி ஃபால்கன் என்ற பழைய கணினிக்கு ஐடிஇ (டிஸ்கை இணைக்கும் வழி) டிரைவர் எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

புரட்டலை லூப்புக்குள் வைப்பது

1992-இல் வந்த ஃபால்கனில் ஐடிஇ டேட்டா கம்பிகள் பதினாறும் நேருக்கு நேர் இணைந்தவை. டிஸ்கின் முதல் பைட் கீழ் எட்டுக் கம்பிகளில் வருகிறது. ஃபால்கனின் மோட்டரோலா சிப்பான 68030 அதை நினைவகத்தில் இரண்டாவதாக வைக்கிறது. அதனால் பிசியில் தயாரித்து, டிஸ்காகப் போடும் மெமரி கார்டு ஜோடி ஜோடியாக முன்பின்னாகத் தெரியும். உடனே எல்லோரும் படிக்கும் லூப்பிலேயே ஒரு புரட்டலை, அதாவது ஜோடி பைட்டுகளை இடம் மாற்றுவதை, சொருகுகிறார்கள். கார்டு படிக்கும். ஆனால் அதுவரை ஒழுங்காக வந்த ஐடென்டிஃபை (டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்லும்) பதிலில் டிஸ்கின் பெயர் குளறுபடியாகும். அதைச் சரிக்கட்ட இன்னொரு புரட்டல். பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

எழுதும்போதும் அதே புரட்டல் நடப்பதால், எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனை எதையும் காட்டிக்கொடுக்காது. ஒரு தம்பி கொண்டுவந்த கார்டு அப்படித்தான். பிசியில் ஃபார்மேட் செய்து, ஃபைல்களையெல்லாம் ஃபால்கனிலேயே எழுதியிருந்தார். பிசியில் போட்டால் ஃபைல் பெயர்கள் கச்சிதம். பெரிய ஃபைலைத் திறந்தால் குப்பை, கடைசித் துண்டு மட்டும் சுத்தம். ஒற்றை செக்டர் (டிஸ்கின் 512 பைட் துண்டு) வழியில் புரட்டல் இருந்தது. வேகத்துக்காகத் தனியாக எழுதிய பல செக்டர் வழியில் இல்லை. ஃபால்கனில் சில நிரல்கள் அவ்வப்போது முரண்டு பிடித்தபோது அவர் கார்டைத்தான் சந்தேகித்திருக்கிறார். முழு டிஸ்கும் புரண்டிருந்தால் டிஸ்கை நகலெடுக்கும் டிடி (dd) கட்டளையின் ஸ்வாப் (swab) வசதி ஒரே ஓட்டத்தில் நிமிர்த்திவிடும். இங்கே எந்த செக்டர் எந்த வழியாகப் போனது என்று டிஸ்கில் எங்கும் பதிவாகவில்லை. ஒவ்வொரு ஃபைலாக உட்கார்ந்து பிரித்தோம்.

லினக்ஸின் ஃபால்கன் டிரைவரைப் பாருங்கள்: செக்டர் டேட்டாவுக்கும் ஐடென்டிஃபைக்கும் தனித்தனி முடிவு, டிஸ்க் வாரியாக ஒரு சுவிட்ச். சோதனைக்கு 0, 1, 2, 3 என்று பைட்டுகளை பிசியில் எழுதி ஃபால்கனில் படியுங்கள், பிறகு அங்கே எழுதி இங்கே படியுங்கள். ஒற்றை, பல செக்டர் இரண்டு வழியிலும்.

மொத்த செக்டர் எண்ணிக்கை

ஐடென்டிஃபை பதிலின் 60-ஆம் வேர்டில் (வேர்டு என்பது இரண்டு பைட்) இந்த எண்ணின் கீழ்ப்பாதி, 61-இல் மேல்பாதி. அப்படியே 32 பிட்டாக அள்ளாதீர்கள்; மோட்டரோலா வரிசையில் பாதிகள் இடம் மாறிவிடும்.

பூட் செக்டர்

அட்டாரியின் இயங்குதளத்தில் ஃபைல்களைக் கவனிக்கும் ஜிஇஎம்டாஸின் பூட் செக்டரில் (டிஸ்க் பகுதியின் முதல் செக்டரில்) அளவுகள் இன்டெல் வரிசையில் இருக்கும். 512 என்பது 00 02. நேராகப் படித்தால் 2. அதுவும் 11-ஆம் பைட்டில், அதாவது ஒற்றைப்படை முகவரியில் தொடங்குகிறது. 68030 அதைப் பொறுத்துக்கொள்ளும். அதே நிரலைப் பழைய அட்டாரி எஸ்டியில் ஓட்டினால் அதன் 68000 பொறுக்காது; திரையில் மூன்று குண்டுப் படங்கள், அதாவது முகவரிப் பிழை, தெரியும். பைட் பைட்டாக எடுங்கள். ஆனால் அதே செக்டரிலிருந்து பூட் ஆக வேண்டுமானால் 256 வேர்டுகளின் கூட்டுத்தொகை ஹெக்ஸில் (பதினாறடிமானத்தில்) 1234 வர வேண்டும், அந்தக் கணக்கு மட்டும் மோட்டரோலா வரிசையில்.