ஆய்வக நிரலைத் திறமூலமாக வெளியிடுவது எப்படி? முதலில் அது யாருடையது என்று பாருங்கள்

ஆய்வுக்காக ஒரு நிரல் எழுதினீர்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றி, இணைப்பை ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பிலும் கொடுத்தாயிற்று. "திறமூலமாக வெளியிட்டாச்சு" என்று நினைப்பீர்கள். திறமூலம் என்றால் மூலநிரலை யாரும் எடுத்து, மாற்றி, பரப்பலாம் என்று திறந்து தருவது. அந்த ரெப்போவில் (நிரல் கோப்புகளின் தொகுப்பில்) உரிமக் கோப்பு இல்லையென்றால் இன்னும் வெளியிடவில்லை என்றே பொருள். கண்ணாடி அலமாரிக்குள் வைத்த பண்டம் மாதிரிதான் அது. பார்க்கலாம், எடுக்க முடியாது.

1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் உலகின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதன்படி, எழுதிய கணமே பதிப்புரிமை தானாகப் பிறந்துவிடும். எங்கும் பதிய வேண்டாம். உரிமையாளர் அனுமதி தராதவரை மற்றவர்கள் அதை நகலெடுத்து, மாற்றி, பரப்ப முடியாது. அந்த அனுமதிச் சீட்டுதான் உரிமம்.

தமிழில் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைச் சிலர் எழுத்துக்கான உரிமைக்கும், சிலர் கண்டுபிடிப்புக்கான உரிமைக்கும் எழுதுகிறார்கள். இங்கே எழுத்துக்கானது பதிப்புரிமை, கண்டுபிடிப்புக்கானது பேடன்ட். இரண்டும் வேறு வேறு என்பது நான்காம் படியில் தேவைப்படும்.

படி 1: எழுதியவர்களைப் பட்டியலிடுங்கள்

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் உள்ள பெயர்கள் மட்டும் போதாது. படிப்பை முடித்துப் போன சீனியர் மின்னஞ்சலில் அனுப்பி, நீங்கள் உங்கள் பெயரில் கமிட் (பதிவு) செய்த கோப்பு ஒன்று எங்காவது இருக்கும். அவரையும் சேருங்கள். கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எடுத்த துண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை; எழுதியவரைக் குறிப்பிட வேண்டும், மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். பத்து வரிதான் என்றால், புரிந்துகொண்டு நீங்களே புதிதாக எழுதிவிடுவது சுலபம்.

ஆய்வுக் கட்டுரையில் பெயர் இருப்பவர் எல்லாம் நிரலுக்கும் ஆசிரியர் ஆகிவிட மாட்டார். எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. வழிகாட்டி கரும்பலகையில் அல்காரிதத்தை விளக்கினார், நீங்கள் நிரலாக எழுதினீர்கள் என்றால் நிரலின் ஆசிரியர் நீங்கள். (இதை வழிகாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.)

படி 2: சொத்து யாருடையது?

எழுதியவரே உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. சம்பளத்துக்கு இருப்பவர் தன் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பல நாடுகளில் வேலை கொடுத்த நிறுவனத்துக்கே சேரும். பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாணவர் ஊழியர் இல்லை என்பதால், அவர் எழுதியது பெரும்பாலும் அவருடையதே. ஆனால் சேர்க்கையின்போது கையெழுத்திட்ட படிவங்களில் ஒன்று அந்த உரிமையைப் பல்கலைக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆய்வு உதவியாளராகச் சம்பளம் வாங்கியிருந்தாலும் கணக்கு மாறும். தனியார் நிறுவனம் பணம் போட்ட திட்டம் என்றால் அந்த ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984 ஜனவரியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலையில் தன் வேலையை விட்டார். ஊழியராக இருந்துகொண்டு குனு என்ற கட்டற்ற இயங்குதள மென்பொருளை எழுதினால் எம்ஐடி அதற்கு உரிமை கொண்டாடலாம் என்பதே காரணம். நீங்கள் வேலையை விட வேண்டாம். உங்கள் பல்கலையின் அறிவுசார் சொத்துரிமைக் கொள்கையை ஒரு முறை படித்தால் போதும். என் அனுபவத்தில் உரிமக் கோப்பைச் சேர்க்க இரண்டு நிமிடம்தான். இந்தப் படிக்கு ஒரு மாதம் வரை போகும். அதனால்தான் திட்டம் தொடங்கும்போதே இதைப் பேசிவிடச் சொல்கிறேன்.

படி 3: உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

யார் வேண்டுமானாலும், தனியார் பொருளுக்குள்ளும் வைத்துப் பயன்படுத்தட்டும் என்றால் எம்ஐடி உரிமம் அல்லது பிஎஸ்டி உரிமம். இரண்டுமே பல்கலையில் பிறந்தவை, பிஎஸ்டி கலிஃபோர்னியாப் பல்கலையின் பெர்க்லி வளாகத்தில். பேடன்ட் அனுமதியும் தெளிவாக எழுத்தில் இருக்க வேண்டுமானால் அப்பாச்சி 2.0. அதில் உள்ள பேடன்ட் விதியைப் பார்த்துப் பல்கலை தயங்கினால், அந்த விதியை மட்டும் சுருக்கி எழுதிய எஜுகேஷனல் கம்யூனிட்டி உரிமம் 2.0 இருக்கிறது. மாற்றிப் பரப்புகிறவர்களும் மூலநிரலைத் திறந்தே தர வேண்டும் என்றால் ஜிபிஎல். சர்வரில் மட்டும் ஓடும் நிரலுக்கும் அந்த நிபந்தனை வேண்டுமென்றால் ஏஜிபிஎல்.

"வணிகப் பயன்பாட்டுக்குத் தர மாட்டோம்" என்று எழுதப் பல ஆய்வகங்களுக்கு ஆசை. எழுதலாம், ஆனால் அதைத் திறமூலம் என்று சொல்ல முடியாது. எந்தத் துறையையும் விலக்கக் கூடாது என்பது திறமூல வரையறையிலேயே உள்ள விதி. வருமானமும் வேண்டும் என்றால் ஃபூரியே உருமாற்றக் கணக்குகளுக்கான எஃப்எஃப்டிடபிள்யூ நூலகத்தை (பிற நிரல்கள் இணைத்துக்கொள்ளும் நிரல் தொகுப்பை)ப் பாருங்கள். எம்ஐடியில் உருவான அது எல்லோருக்கும் ஜிபிஎல்லில் கிடைக்கும். தங்கள் நிரலைத் திறக்க விரும்பாத நிறுவனங்களுக்குத் தனி உரிமம் விற்கிறார்கள்.

உரிமத்தை மட்டும் சொந்தமாக எழுதாதீர்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் மின்னஞ்சல் மென்பொருளுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அதன் உரிமம் 'நகலெடுக்க, மாற்ற, பரப்ப' அனுமதித்தது. மாற்றிய வடிவத்தைப் பரப்புவது அதில் அடங்காது என்று பல்கலை பிறகு விளக்கம் சொன்னது. லினக்ஸ் உலகம் ஒதுங்கிக்கொண்டது. பைனின் எடிட்டரான பைகோவுக்கு மாற்றாக 1999இல் எழுதப்பட்டதுதான், இன்று பல லினக்ஸ் கணினிகளில் இருக்கும் நானோ. பல்கலையே பின்னர் அல்பைன் என்ற பெயரில் அப்பாச்சி உரிமத்துக்கு வந்து சேர்ந்தது.

நீங்கள் இணைத்திருக்கும் நூலகங்களையும் சரிபாருங்கள். மேலே சொன்ன எஃப்எஃப்டிடபிள்யூவை ஜிபிஎல்லில் எடுத்து இணைத்திருந்தால், வெளியிடும் முழு மென்பொருளும் ஜிபிஎல் நிபந்தனைக்குள் வந்துவிடும். அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3ஆம் பதிப்போடு சேர்க்கலாம். 2ஆம் பதிப்பு மட்டும் என்று உள்ளவற்றோடு சேர்க்க முடியாது.

படி 4: எழுத்தில் அனுமதி வாங்குங்கள்

உரிமை பல்கலையிடம் இருந்தால் அதன் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மென்பொருள் என்ன செய்கிறது, யார் எழுதினார்கள், பணம் எங்கிருந்து வந்தது, எந்த வெளி நூலகங்கள் உள்ளன என்பவை அதில் இருக்கட்டும். "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் கோப்பு மேசை மேசையாகச் சுற்றும். "அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிட அனுமதி வேண்டும்" என்று கேளுங்கள்.

அவர்கள் முதலில் பேடன்டைப் பற்றி விசாரிப்பார்கள். காரணம் இருக்கிறது. கூகுள் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையின் பேடன்ட் ஸ்டான்ஃபோர்டு பல்கலையின் பெயரில் இருந்தது; அதற்கு உரிமம் கொடுத்ததற்காகக் கிடைத்த கூகுள் பங்குகளை 2005 வாக்கில் விற்று 33.6 கோடி டாலர் பெற்றார்கள். பேடன்ட் எண்ணம் இருந்தால் பதில் வரும்வரை ரெப்போவைப் பூட்டியே வையுங்கள். விண்ணப்பிக்கும் முன் பொதுவில் வெளியிட்டுவிட்டால் ஐரோப்பாவில் பேடன்ட் வாய்ப்பு போய்விடும். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு.

படி 5: கோப்புகளைச் சேருங்கள்

உரிமத்தின் முழு வாசகத்தையும் ஒரு எழுத்தும் மாற்றாமல் ரெப்போவின் முதல் அடுக்கிலேயே தனிக் கோப்பாக வையுங்கள். பதிப்புரிமை வரியில் ஆண்டும் உரிமையாளர் பெயரும் வரும். இரண்டாம் படியின் விடை பல்கலை என்றால் பல்கலையின் சட்டப் பெயர். ஆய்வகத்தின் செல்லப் பெயர் உதவாது. ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி (உரிமத்தின் பெயரைச் சொல்லும் ஒற்றை வரிக் குறிப்பு) ஒன்று சேர்த்தால், கோப்பு தனியாகப் பிரிந்து போனாலும் உரிமம் கூடவே போகும்.

"பயன்படுத்தினால் எங்கள் கட்டுரையை மேற்கோள் காட்ட வேண்டும்" என்று உரிமத்தில் நுழைக்காதீர்கள். பழைய பிஎஸ்டி உரிமத்தில், விளம்பரங்களில் பெர்க்லி பல்கலையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதை எடுத்தாண்டவர்கள் ஒவ்வொருவரும் பல்கலையின் பெயரை நீக்கித் தங்கள் பெயரைப் போட்டார்கள். 1997இன் ஒரு நெட்பிஎஸ்டி இயங்குதளப் பதிப்பில் அப்படி 75 வாக்கியங்கள் குவிந்திருந்ததாக ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். 1999இல் பெர்க்லி அந்த விதியைக் கைவிட்டது. மேற்கோள் வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள சைட்டேஷன் கோப்பைச் சேர்த்து, ஆய்வுப் பொருள்களைச் சேமிக்கும் செனோடோ தளத்தில் பதிந்து ஒரு டிஓஐ (நிலையான அடையாள) எண் வாங்குங்கள்.

படி 6: வெளியார் பங்களிப்பு

வெளியிட்ட பிறகு முகம் தெரியாதவர்கள் திருத்தம் அனுப்புவார்கள். தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த வரிகளின் பதிப்புரிமை அவர்களிடமே இருக்கும். லினக்ஸ் கெர்னல் 2004 முதல் செய்வதுபோல, "இதைத் தரும் உரிமை எனக்கு இருக்கிறது" என்ற உறுதிமொழி வரியை ஒவ்வொரு கமிட்டிலும் கேளுங்கள். பின்னாளில் உரிமத்தை மாற்ற நினைத்தால் இவர்கள் எல்லோரையும் தேடிப்போக வேண்டியிருக்கும். இல்லினாய் பல்கலையில் தொடங்கிய எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம், தன் பழைய உரிமத்திலிருந்து அப்பாச்சிக்கு மாறப் பழைய பங்களிப்பாளர்களின் சம்மதத்தைப் பல ஆண்டுகள் சேகரித்தது.

உங்கள் ஆய்வகத்து மாணவர்களுக்கும் இதே கதைதான். யாராவது படிப்பை முடித்துக் கிளம்பினால், பல்கலை அவருடைய மின்னஞ்சல் கணக்கை மூடும் முன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.