நினைவு நாளை மேடையிலிருந்து தொடங்காதீர்கள்

போரில் இறந்தவர்களை நினைவுகூரலாம் என்று ஒரு பாடசாலை முடிவெடுத்ததும் முதலில் எழுதப்படுவது நிகழ்ச்சி நிரல்தான். மௌன அஞ்சலி, அதிபர் உரை, நாடகம், கட்டுரைப் போட்டிக்குப் பரிசு, நன்றியுரை. எந்தப் பிள்ளையின் வீட்டில் யார் இல்லை என்பதை அதற்குப் பிறகே யோசிக்கிறோம். சில வேளை யோசிப்பதே இல்லை. நான் கண்ட மற்றத் தவறுகளில் பல இதிலிருந்துதான் பிறந்தன.

யாழ்ப்பாணத்தில் இன்று படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். ஷெல் கூவி வரும் சத்தத்தை அவர்கள் கேட்டதில்லை. ஆனால் மாலை போட்ட படத்தின் கீழ் இருந்து படித்து வளர்ந்தவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். சத்தம் கேட்டவர்கள் மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கும் தாய்மாரும் ஆசிரியர்களும். நாடகத்தில் ஒலிபெருக்கி வழியாகக் குண்டுச் சத்தம் போட்டால் நடுங்குவது அவர்களுடைய உடல். இரத்தம் தோய்ந்த உடல்களின் படங்களைத் திரையில் காட்டுவதும் அப்படித்தான். இரண்டும் வேண்டாம்.

படம் கொண்டுவரச் சொல்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். “உங்கள் வீட்டில் போரில் இறந்தவரின் படத்தைக் கொண்டு வாருங்கள், விளக்கேற்றுவோம்” என்று ஒரு முறை தரம் 8 வகுப்பில் நானே சொன்னேன். மறுநாள் ஒரு பிள்ளை வெறுங்கையோடு வந்து, “மாமாவுக்கு விளக்கு வைக்கக் கூடாது என்று அம்மம்மா சொல்லிவிட்டார், சேர்” என்றாள். அந்த மாமா இறந்தவர் அல்ல, காணாமல் ஆக்கப்பட்டவர். விளக்கு வைத்தால் அவர் இல்லை என்று அம்மம்மா ஒப்புக்கொண்டதாகிவிடும். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரியில். எத்தனையோ தாய்மார் பிள்ளையின் மரணச் சான்றிதழை வாங்க மறுத்து, எங்கே என்ற கேள்விக்குப் பதில் கேட்டு நிற்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளையிடம் நான் கேட்டது எவ்வளவு பாரமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆகவே இறந்தோரையும் காணாமல் ஆக்கப்பட்டோரையும் ஒரே சுடரின் கீழ் வைக்காதீர்கள். ஓகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினம். அவர்களைப் பற்றி அன்று தனியாகப் பேசலாம். எதைக் கொண்டுவரச் சொல்வதானாலும் முதலில் வீட்டாரிடம் கேளுங்கள். கொண்டுவராத பிள்ளையிடம் காரணம் கேட்காதீர்கள்.

துயரத்துக்குப் போட்டி வைக்காதீர்கள். தகப்பனை இழந்ததைப் பற்றி எழுதிய பிள்ளைக்கு இரண்டாம் பரிசு கொடுக்க எந்த நடுவருக்கு மனம் வரும்? எழுத விரும்பினால் எழுதட்டும், புள்ளி போட வேண்டாம். அந்தப் பிள்ளை அழும் படத்தை முகநூலில் போடவே கூடாது.

யாரை நினைவுகூருகிறோம் என்பதிலும் சறுக்குகிறோம். 1995 ஜூலை 9 அன்று நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்ததையும், அதே ஆண்டு செப்டெம்பர் 22 அன்று யாழ்ப்பாண மாவட்டத்து நாகர்கோவில் பாடசாலைப் பிள்ளைகள் கொல்லப்பட்டதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். அவை நம் ஊர்கள். ஆனால் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத்தெரு எந்த ஊர்? 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே ஒக்ரோபர் 30 அன்று, குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். இரண்டு பயணங்களையும் ஒரே வரைபடத்தில் பிள்ளைகளைக் கொண்டு கீறச் செய்யுங்கள். எதை எடுத்துக்கொண்டு போயிருப்பாய், எதை விட்டுவிட்டுப் போயிருப்பாய் என்று கேளுங்கள். சமாதானத்தைப் பற்றி நான் நடத்திய எந்த உரையும் அந்த ஒரு பாடவேளைக்கு ஈடாகவில்லை.

செப்டெம்பர் 21 சர்வதேச சமாதான தினத்தன்று வெள்ளைப் புறா வரைவதில் பிழையில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் பிழை. தெற்கிலிருந்து மாணவர்கள் வரும்போது உடனே மேடையேற்றிக் கைகோத்துப் பாடவைக்கிறோம். முதலில் ஒரு நாள் சேர்ந்து வேலை செய்யட்டும், சாப்பிடட்டும், யாழ்ப்பாணப் பொது நூலகத்தைச் சுற்றிப் பார்த்து 1981இல் அங்கே எரிந்தவை எவை என்று கேட்டறியட்டும். “மன்னித்துவிட்டேன்” என்று எந்தப் பிள்ளையையும் சொல்ல வைக்காதீர்கள். அதைச் சொல்லவும் சொல்லாமல் இருக்கவும் உரிமை அந்த வீட்டுக்கே உண்டு.

அதிபரின் அனுமதியும் பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதமும் வேண்டும் என்பது தெரிந்ததே. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். நிகழ்வின்போது எழுந்து வெளியே போக விரும்பும் பிள்ளை யாரிடமும் கேட்காமல் போவதற்கு ஒரு வகுப்பறையைத் திறந்து வையுங்கள். அங்கே ஒரு ஆசிரியர் இருக்கட்டும்.

நாள் குறிக்கும்போது வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையைத் தெரிவு செய்யாதீர்கள். பாடம் கெடாது என்பதற்காக நாமும் அப்படித்தான் வைத்தோம். கலங்கிய மனத்தோடு வீட்டுக்குப் போன பிள்ளைகளை மீண்டும் பார்க்கத் திங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது செவ்வாய்க்கிழமை காலையில் வைக்கிறோம். புதன்கிழமை முதற் பாடவேளையை அவர்கள் பேசுவதற்காக ஒதுக்கிவிடுகிறோம்.