மாணவர் கேம்ப்: நிகழ்ச்சி நிரலிலேயே தொடங்கும் தவறுகள்

வெள்ளிக்கிழமை கல்லூரி விட்டதும் பஸ் ஏறி, ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடிகிற கேம்ப்தான் நம் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியங்களில் வழக்கம். அதில் நடக்கும் தவறுகளில் பாதி, பஸ் கிளம்புவதற்கு முன்பே நிகழ்ச்சி நிரலில் ஏறிவிடுகின்றன. 5.30-க்கு மணி, 6-க்குத் தனித் தியானம், 7-க்குக் குழு ஜெபம், பிறகு பாடல் வேளை, முதல் செய்தி, டீ, இரண்டாம் செய்தி, வேதபாடம் என்று போய், இரவு 10-க்கு, அவரவர் விசுவாச அனுபவத்தைச் சொல்லும் சாட்சி வேளையில் நிற்கும். மதியம் ஒரு மணி நேரம் ‘ஓய்வு’ என்று போட்டிருப்பார்கள். பேச்சாளர் இருபது நிமிடம் கூடுதலாகப் பேசிவிட்டால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

காசு கொடுத்து வந்திருக்கிறார்கள், நேரம் வீணாகக் கூடாது என்று நினைப்பது நல்லெண்ணம்தான். ஆனால் மனம் விட்டுப் பழகும் ஐக்கியம் மேடையில் நடப்பதில்லை. அரியர் விழுந்ததை வீட்டில் மறைத்து வைத்திருக்கும் இரண்டாம் வருடப் பையனை வட்டமாக உட்கார வைத்து, “ஜெபக் குறிப்பு சொல்லு தம்பி” என்று கேட்டால், “படிப்புக்காக ஜெபிச்சுக்கோங்கண்ணா” என்று முடித்துக்கொள்வான். அதே பையன், சாப்பிட்ட தட்டைக் கழுவக் குழாயடியில் நிற்கும்போது தானாகவே வாயைத் திறப்பான். அந்த நேரத்தில் அண்ணன்மாரும் அக்காமாரும் குழாயடியில் இருக்க வேண்டும். பல கேம்ப்களில் அவர்கள் கமிட்டி அறைக்குள் உட்கார்ந்து, அடுத்த நிகழ்ச்சியை யார் நடத்துவது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கமிட்டிக் கூட்டங்களைக் கேம்ப்புக்கு முந்தைய வாரமே முடித்துவிட்டு வாருங்கள்.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஓடிக் களைத்து, சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி தூங்கினான், மறுபடி சாப்பிட்டான், ஓரேப் மலையில் தேவன் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். நாமோ முந்தின இரவு சரியாகத் தூங்காத பிள்ளைகளைச் சனி இரவு 11 மணிக்கு, கீபோர்டு மெல்ல வாசிக்க, ‘இயேசுவுக்கு வாழ்க்கையை அர்ப்பணிப்பவர்கள் முன்னே வாருங்கள்’ என்று அழைக்கிறோம். அழுகை வரத்தான் செய்யும். அதில் களைப்பு எவ்வளவு, மனமாற்றம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அழைப்பு கொடுக்க வேண்டுமென்றால் ஞாயிறு காலை கொடுங்கள். தெளிந்த தலையோடு எடுத்த முடிவு என்ற நிம்மதி அவர்களுக்கே இருக்கும்.

அப்புறம், சபை விவகாரம். 1954-இல் தொடங்கிய யூஇஎஸ்ஐ (இந்திய நற்செய்தி மாணவர் ஒன்றியம்) போன்ற மாணவர் இயக்கங்கள் எல்லாச் சபைப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே, சகோதரர் சபை எல்லாம் ஒரே பந்தியில் உட்காரும். அங்கே வந்து ஒரு பேச்சாளர், குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் ஞானஸ்நானமே அல்ல என்று ஒரு வரி சொன்னால் போதும், மீதி நாள் முழுக்க அறைகளில் அந்த விவாதம்தான் ஓடும். பேச்சாளரை அழைக்கும்போதே எதைத் தொட வேண்டாம் என்று போனில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பாடல்களும் அப்படியே: பழைய பாமாலையும் கீர்த்தனையும் மட்டும் என்றால் ஒரு பாதி வாய் மூடி நிற்கும், புதுப் பாடல்கள் மட்டும் என்றால் மறு பாதி.

வேற்று மத நண்பனை ‘ஏற்காடு டூர்’ என்று சொல்லி அழைத்துவருவது நேர்மையல்ல, நட்பையும் கெடுக்கும். கிறிஸ்தவ கேம்ப், ஜெபமும் வேதபாடமும் இருக்கும், பிடிக்காத நிகழ்ச்சிக்கு நீ வர வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவன் வீட்டுக்கும் தெரிந்திருக்கட்டும்.

முதல் வருடப் பிள்ளைகளில் பலருக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு நிறையாதவர் குழந்தை. ஆலோசனை, ஜெபம் என்ற பெயரில் பூட்டிய அறையில் தனியாக உட்கார வைக்காதீர்கள். மரத்தடியோ வராந்தாவோ, நாலு பேர் பார்வை படும் இடத்தில் பேசுங்கள். பெண்பிள்ளைகளோடு அக்காமார் பேசட்டும். ‘நம்ம பிள்ளைகள்தானே’ என்பதெல்லாம் இங்கே பதில் ஆகாது.

கட்டணம் கட்ட முடியாதவர்களைக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லாதீர்கள். பொருளாளரிடம் தனியாகச் சொல்ல ஒரு வழி இருந்தால் போதும்.

கடைசியாக, திங்கட்கிழமை. கேம்ப்பில் முடிவெடுத்தவர்களின் பெயர், விடுதி, அறை எண் எல்லாம் செயலாளரின் போனிலேயே தங்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே பட்டியலைப் பிரித்து, யார் யாரைப் புதன்கிழமைக்குள் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். அந்த வாரம் இன்டர்னல் தேர்வு இருந்தால் யாரையும் பார்க்க முடியாது. அதனால் கேம்ப் தேதி குறிக்கும்போதே கல்லூரிக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.