நஞ்சை நிலத்தை வைத்து எம்.எஸ். படிக்கக் கடன் கிடைக்குமா? நான் போன வழி

பாபநாசம் பக்கத்துக் கிராமம் எனக்கு. இங்கே இ.இ.இ. (மின்னியல் - மின்னணுவியல் பொறியியல்) முடித்துவிட்டு, அமெரிக்காவில் மின்னியல் - கணினிப் பொறியியலில் எம்.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் படித்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒரு தம்பி பைக்கை நிறுத்தி, "அண்ணே, எப்படிண்ணே போனீங்க?" என்று கேட்கிறான். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், எந்த எம்.எஸ்.?

நான் படித்தது ஆய்வேடு இல்லாத, பாடங்களை மட்டும் முடித்து வாங்கும் பட்டம். பெரும்பாலும் 30 கிரெடிட். பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால் பத்துப் பாடம். மூன்று, நான்கு செமஸ்டரில் முடிந்துவிடும். கனடாவில் இதையே எம்.எங். என்பார்கள், ஆய்வோடு படிப்பது எம்.ஏ.எஸ்சி. பேராசிரியர் யாரும் நம்மைத் தன் மாணவராக ஏற்க வேண்டியதில்லை என்பது வசதி. அதனாலேயே உதவித்தொகையும் அநேகமாக வராது, செலவு முழுக்க நம் தலையில்தான். பிஎச்.டி. ஆசை உள்ளவர்கள் ஆய்வேட்டுப் பக்கம் போங்கள். வேலைதான் குறி என்றால் இது போதும். படித்தபின் 12 மாதம், இந்தத் துறை என்பதால் மேலும் 24 மாதம் அங்கே வேலை பார்க்க அனுமதி கேட்கலாம்.

பெயர்

பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. நான் 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட்டேன். விசா வந்தபோது என் பெயர் சர்நேமாகிவிட்டது, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று இருந்தது. முதல் பெயர் தெரியாது என்று அர்த்தமாம். லேப் பார்ட்னர் ஒருவன் முதல் வாரம் முழுக்க என்னை "ஃப்னு" என்றே கூப்பிட்டான். அப்பா பெயரை விரித்து சர்நேமில் போட்டுவிடுங்கள். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்து இருக்க வேண்டும்.

விண்ணப்பம்

இதற்கு கன்சல்டன்சி தேவையில்லை என்பது என் கட்சி. ஆகஸ்டில் சேர, முந்தைய டிசம்பர் - ஜனவரியில் கடைசித் தேதி வரும். பல துறைகள் இப்போது ஜிஆர்ஈ என்ற தகுதித் தேர்வைக் கேட்பதில்லை; கேட்காத இடத்துக்காக அதை எழுதாதீர்கள். டோஃபல் மதிப்பெண் 2 வருடம்தான் செல்லும். ஏன் படிக்க வருகிறோம் என்று எழுதித் தரும் நோக்க அறிக்கையில் "சிறு வயது முதலே மின்சாரம் என்னை ஈர்த்தது" வேண்டாம். எந்தப் பாடங்களை எடுப்பீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

கடன்

நான் முட்டி நின்றது இங்கேதான்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. "அதை வச்சா தர மாட்டானா?" என்றார் அப்பா. சிட்டா, அடங்கல் எல்லாம் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். மேலாளர் கவரைப் பிரிக்கவே இல்லை. "விவசாய நிலம் எடுக்க மாட்டோம் சார்." அப்பாவுக்குக் கோபம். ஆனால் காரணம் சட்டத்தில் இருக்கிறது. கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால் அடமானத்தை வங்கி நேரடியாகக் கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டம், அதன் 31ஆம் பிரிவின்படி விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. எடுக்க முடியாததை எதற்கு அடமானம் பிடிப்பார்கள்?

பொதுத்துறை வங்கிகளில் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் அடமானம் கேட்பார்கள். வீட்டைக் காட்டினோம். அது நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்), பாட்டி பெயரில் இருந்தது, மூலப்பத்திரம் இல்லை. அதுவும் போச்சு. கடைசியில் கைகொடுத்தது, அம்மா சீட்டுப் பணத்தில் கும்பகோணத்துக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த மனை. பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து எல்லாம் சேர்ந்தபின் மதிப்பீட்டாளர் டேப்போடு வந்தார். "கல்லு எங்கம்மா?" என்றார். சீமைக்கருவேலம் மூடிக் கிடந்தது. அப்பாவும் நானும் மண்வெட்டி எடுத்து ஒரு மணி நேரம் வெட்டி நாலு எல்லைக் கல்லில் மூன்றைக் கண்டுபிடித்தோம். அவர் வருவதற்கு முன்பே வெட்டிச் சுத்தம் செய்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, விவசாயக் குடும்பத்தில் வருமான வரிக் கணக்கு இருக்காது. நாங்கள் இ-சேவை மையத்தில் வருமானச் சான்று வாங்கியதோடு, ஆசிரியராக இருக்கும் மாமாவையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தோம். மாமாவிடம் சம்பா அறுப்புக்கு முன்பே பேசிவிடுங்கள். சொந்தபந்தத்தில் இதெல்லாம் ஒரே நாளில் முடிகிற பேச்சில்லை.

ஐ-20 சுற்று

விசாவுக்கு ஐ-20 வேண்டும், அதாவது நம்மைச் சேர்த்துக்கொண்டதாகப் பல்கலைக்கழகம் தரும் படிவம். அதைத் தர, முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்கிறது பல்கலைக்கழகம். வங்கியோ ஐ-20 கொண்டுவா என்கிறது. இரண்டு வாரம் இப்படியே ஓடியது. சேர்க்கைக் கடிதத்தை வைத்து முதலில் ஒப்புதல் கடிதம் மட்டும் கொடுங்கள், பணம் விடும்போது ஐ-20 தருகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. வாயால் கேட்டால் நடக்காது. எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

அப்புறம் செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், சென்னையில் நேர்காணல். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. காத்திருக்கும் நாட்களில் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் சிக்னல்ஸ் அண்டு சிஸ்டம்ஸ், நிகழ்தகவு இரண்டையும் மறுபடி பாருங்கள். நான் பார்க்காமல் போய், முதல் இடைத் தேர்வில் அழுதேன்.

பின்சேர்க்கை: மன்னார்குடித் தம்பி ஒருவர், மனை பெரியப்பாவோடு கூட்டுப் பட்டாவில் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பெரியப்பாவும் வங்கியில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும். அதற்கு அவர் சம்மதிப்பாரா என்பது உங்கள் வீட்டு விஷயம், தம்பி.