பொருளாதார நியாயம் பற்றி வாதாடும் முன் ஒரு எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

வரி, சம்பளம், ஏழை பணக்காரன் இடைவெளி, மெஷின் வந்து வேலையைப் பறிக்குமா என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒரு எண்ணைத் தூக்கிப் போடுவார்கள். எதிரில் இருப்பவர் இன்னொரு எண்ணை எடுப்பார். அப்புறம் குரல் உயரும், பேச்சு அங்கேயே கெட்டுப்போகும். நான் கவனித்த வரையில் இப்படிப்பட்ட சண்டைகளில் பொய் சொல்கிறவர்கள் குறைவு. இரண்டு பேர் கையிலும் உண்மையான எண்தான் இருக்கும், ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில். அந்தக் கேள்விகளைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஒரு துண்டுக் காகிதம், கொஞ்சம் பெருக்கல் வகுத்தல், கோபப்படுவதற்கு முன் இரண்டு நிமிடம், இவ்வளவு இருந்தால் போதும்.

முதலில் சராசரியில் கை வையுங்கள், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். ஓர் அறையில் பத்துப் பேர். ஒன்பது பேருக்கு மாதம் 20 ஆயிரம், ஒருவருக்கு 2 லட்சம். மொத்தத்தைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 38 ஆயிரம் வரும். அந்த அறையில் 38 ஆயிரம் வாங்குகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. இப்போது அந்த ஒருவரின் வருமானம் மட்டும் 4 லட்சமாகிறது என்று வையுங்கள். சராசரி 58 ஆயிரத்துக்குப் போய்விடும், அதாவது பாதிக்கும் மேல் கூடிவிட்டது. ஒன்பது பேர் வீட்டில் எதுவும் மாறவில்லை, ஆனால் ‘மக்களின் சராசரி வருமானம் பெருகியது’ என்று எழுதினால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. இதற்கு மாற்று, பள்ளிக்கூடத்திலேயே படித்த இடைநிலை. எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பாருங்கள். நம் அறையில் அது முன்பும் 20 ஆயிரம், பின்பும் 20 ஆயிரம். ஆகவே யாராவது சராசரியைச் சொன்னால் இடைநிலை என்ன என்று கேளுங்கள். இரண்டும் விலகிக்கொண்டே போனால், மேலே இருக்கிறவர்கள் பக்கம் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த கேள்வி: வருமானமா, சொத்தா? இதை நிறையப் பேர் கலந்துவிடுகிறார்கள். வருமானம் மாதாமாதம் குழாயில் வருகிற தண்ணீர், சொத்து தொட்டியில் ஏற்கெனவே நிற்கிற தண்ணீர். ஏற்றத்தாழ்வை அளக்க அதிகம் பயன்படுவது கினி குறியீடு, இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ கினி 1912-இல் வெளியிட்டது. எல்லோருக்கும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 1. இதில் பார்க்க வேண்டியது, அந்த எண் எதன் மேல் கணக்கிடப்பட்டது என்பது. சுவீடனை எடுத்துக்கொள்ளுங்கள். வரி போய், உதவித்தொகைகள் சேர்ந்த பிறகு கையில் இருக்கும் வருமானத்தை வைத்துப் பார்த்தால் உலகிலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் அதுவும் ஒன்று. சொத்தை வைத்துப் பார்த்தால் படம் தலைகீழாகிவிடும், அங்கே இடைவெளி மிகப் பெரியது. ஒருவர் சுவீடனைச் சமத்துவத்துக்கு உதாரணமாகக் காட்டுவார், இன்னொருவர் அதே சுவீடனை எதிர் உதாரணமாகக் காட்டுவார், இருவருமே சரி. குழாயா தொட்டியா என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

‘எதில் எத்தனை பங்கு’ என்ற கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பொருள் வாங்கும்போது கட்டும் வரியை எடுத்துக்கொள்வோம், செலவில் 10 சதவீதம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 20 ஆயிரம் சம்பாதிப்பவர் முழுவதையும் செலவழித்தே ஆக வேண்டும், அவர் கட்டுவது 2 ஆயிரம். 2 லட்சம் சம்பாதிப்பவர் பாதியைச் செலவழித்துப் பாதியைச் சேமிக்கிறார், அவர் கட்டுவது 10 ஆயிரம். ‘பணக்காரர் ஐந்து மடங்கு வரி கட்டுகிறார்’ என்பது உண்மை. ‘ஏழை தன் வருமானத்தில் 10 சதவீதம் கட்டுகிறார், பணக்காரர் 5 சதவீதம்தான் கட்டுகிறார்’ என்பதும் உண்மை. ஒரே வரி, ஒரே மாதம், அதே இரண்டு பேர். எதைச் சொல்வது நியாயம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது: சுமை எவ்வளவு கனம் என்பதைத் தூக்குகிறவரின் தோளை வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதனால் வருமானத்தில் பங்கு என்கிற கணக்குதான் சரியானது என்று நினைக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். ஆனால் இரண்டு கணக்கையும் மேசை மேல் வைத்த பிறகு நினையுங்கள்.

வருமான வரியில் ஒரு தவறான நம்பிக்கை பலரிடமும் உறைந்துபோய் இருக்கிறது. என்னுடன் வேலை பார்த்த ஓர் அண்ணன் சம்பள உயர்வே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போனார். “அடுத்த ஸ்லாபுக்குப் போயிட்டா மொத்தச் சம்பளத்துக்கும் 20 பர்சன்ட் போயிடும்பா, இப்ப வாங்குறதும் குறைஞ்சிடும்” என்றார். “அண்ணே, பேனாவை எடுங்க, எழுதியே பாத்துடலாம்” என்றேன். கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று எண்களை நாங்களே வைத்துக்கொண்டோம். முதல் 5 லட்சத்துக்கு வரி இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். ஆண்டு வருமானம் 9,90,000 என்றால் வரி 49,000, கையில் 9,41,000. உயர்வுக்குப் பிறகு 10,30,000. இதில் 10 லட்சம் வரைக்கும் 50,000, மேலே உள்ள 30,000-க்கு மட்டும் 20 சதவீதம், அதாவது 6,000. மொத்த வரி 56,000, கையில் 9,74,000. உயர்வு 40,000, அதில் 33,000 அவருக்கே வருகிறது. அவர் மனதில் இருந்த கணக்குப்படி பார்த்தால் வரி 2,06,000 ஆகியிருக்கும். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இங்கே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரம்பைத் தாண்டினால் முழுதாக நின்றுபோகிற உதவித்தொகைகளும் சலுகைகளும் நிஜமாகவே உண்டு, அங்கே கொஞ்சம் கூடச் சம்பாதித்தவர் மொத்தத்தில் இழப்பது நடக்கிற விஷயம்தான். அண்ணனின் பயம் வெறும் கற்பனையாக எழுந்திருக்காது, வேறோர் இடத்தில் பார்த்ததை இங்கே பொருத்தியிருப்பார். யாராவது தப்பாகப் பேசுகிறார் என்று தோன்றும்போது இப்படி ஒரு மூலம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

சம்பள உயர்வு என்றதும் விலைவாசியையும் பக்கத்தில் வையுங்கள். 30,000 வாங்கியவருக்கு 5 சதவீதம் கூடினால் 31,500. அதே காலத்தில் விலைகள் 7 சதவீதம் ஏறியிருந்தால், முன்பு 30,000-க்கு வாங்கிய சாமான் இப்போது 32,100. உயர்வு கிடைத்த பிறகும் 600 துண்டு விழுகிறது. அப்புறம் இன்னொரு சின்ன விஷயம்: வட்டியோ வேலையின்மையோ 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் அது 2 சதவீதப் புள்ளி உயர்வு, அதையே 50 சதவீத உயர்வு என்றும் சொல்லலாம். பயமுறுத்த நினைப்பவர் இரண்டாவதைச் சொல்வார், சமாதானப்படுத்த நினைப்பவர் முதலாவதைச் சொல்வார். நீங்கள் இரண்டையும் சொல்லுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வரையறையைத் தேடுவது கொஞ்சம் அலுப்பான வேலை, ஆனாலும் விட்டுவிடாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்காகவோ லாபத்துக்காகவோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். தேடித் தேடி அலுத்துப்போய்த் தேடுவதையே நிறுத்திவிட்டவர் வேலையில்லாதவர் பட்டியலிலும் வரமாட்டார். இதை வைத்துக்கொண்டு புள்ளிவிவரமே மோசடி என்று கத்த வேண்டியதில்லை, எல்லா நாடுகளையும் ஒப்பிட ஒரே அளவுகோல் வேண்டும் என்பதால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். வேலையின்மை குறைந்தது என்று கேட்டால், தேடுவதை விட்டவர்கள் எத்தனை பேர், வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று கூடவே கேட்டால் போதும். வறுமைக் கோடும் இப்படித்தான். உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக்கான கோட்டை நாளுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. ஒரே நாளில் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் கூடியது, அன்று காலை யாருடைய வாழ்க்கையிலும் எதுவும் மாறியிருக்கவில்லை. பழைய கோட்டில் எடுத்த எண்ணையும் புதிய கோட்டில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வறுமை கூடிவிட்டது என்று யாராவது காட்டினால், கோடு ஒன்றுதானா என்று கேளுங்கள்.

இனி தொழில்நுட்பம். ‘இத்தனை சதவீத வேலை போய்விடும்’ என்கிற தலைப்பைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 2013-இல் அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கி மயமாகும் அபாயம் அதிகம் உள்ளவை என்று கணித்தார்கள். 2016-இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்புக்காக (OECD, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு) செய்த ஆய்வில் 21 நாடுகளின் சராசரியாக வந்தது 9 சதவீதம், அமெரிக்காவுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். 47 எங்கே, 9 எங்கே! வித்தியாசம் பெரும்பாலும் எதை எண்ணினார்கள் என்பதில் இருக்கிறது. முதல் ஆய்வு தொழிலை முழுசாக ஓர் அலகாக எடுத்தது, இரண்டாவது ஆய்வு ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் ஆட்கள் உண்மையில் செய்யும் பணிகளைத் தனித்தனியாகப் பார்த்தது. கணக்கு எழுதுபவரின் வேலையில் எண்களைப் பதிவதை மெஷின் செய்துவிடும், கோபமாக வந்து நிற்கும் வாடிக்கையாளரிடம் பேசுவதை அவர்தான் செய்ய வேண்டும். அதோடு, 47 என்பது தொழில்நுட்பத்தால் முடியும் என்கிற கணிப்பு, இத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. ‘முடியும்’ என்கிற அந்த ஒரு வார்த்தை தலைப்பில் காணாமல் போய்விடுகிறது. ஏஐ பற்றி இப்போது வருகிற எண்களையும் இதே இடத்தில்தான் தட்டிப் பார்க்க வேண்டும்: தொழிலா பணியா, முடியும் என்கிறார்களா நடக்கும் என்கிறார்களா, எத்தனை வருடத்தில்?

அதற்காக, ‘எல்லாக் காலத்திலும் மெஷின் வந்தது, வேலையும் பெருகியது, பயப்படாதே’ என்று தட்டிக்கழிப்பதையும் நான் ஏற்கமாட்டேன். இங்கிலாந்தில் 1811-இல் நாட்டிங்ஹாம் பக்கம் பின்னல் தறிகளை உடைக்கத் தொடங்கிய லுட்டைட்டுகள் என்ற தொழிலாளர்களை முன்னேற்றத்தின் எதிரிகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்களில் பலர் தாங்களே மெஷின் ஓட்டிய கைவினைஞர்கள். கூலியைக் குறைக்கவும் தரமில்லாத சரக்கை மலிவாக இறக்கவும் முதலாளிகள் மெஷினைப் பயன்படுத்திய முறையைத்தான் எதிர்த்தார்கள். 1812-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தறி உடைப்புக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டது. மொத்த நாடும் பின்னால் வளமானது உண்மை. ஆனால் கைத்தறி நெசவாளர்களின் கூலி அடுத்த பல பத்தாண்டுகள் சரிந்துகொண்டே போனதும் உண்மைதான். ‘நீண்ட காலத்தில் எல்லாம் சரியாகும்’ என்று யாராவது சொன்னால், எவ்வளவு நீளம், அதுவரை அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும், லாபம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள். ஒருவருடைய வேலைக்காலம் மொத்தமே முப்பது நாற்பது வருடம்தானே.

மக்கள் இப்படி நினைக்கிறார்கள் என்று வருகிற கருத்துக்கணிப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைவிட யாரைக் கேட்டார்கள் என்பது முக்கியம். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன்தான் வெல்வார் என்று அது சொன்னது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பத்திரிகை முகவரி எடுத்தது பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து, அந்தப் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அது வசதியானவர்களின் பட்டியல். பதில் எழுதிப் போட்டவர்களும் அவர்களில் ஒரு சிறு பங்குதான். உங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கருத்தில் இருக்கிறார்கள் என்று தோன்றும்போதும் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள், நம் வட்டமும் அப்படி ஒரு பட்டியல்தான்.

இவ்வளவும் கேட்ட பிறகும் கருத்து வேறுபாடு மிச்சம் இருக்கும், இருக்கவும் வேண்டும். அது எண் சம்பந்தப்பட்டதாக இராது. உழைத்தவருக்கே உரியதா, தேவைப்படுகிறவருக்குப் போக வேண்டுமா, எல்லோருக்கும் ஒரே விதியா என்கிற இடத்துக்கு வந்து நிற்கும். அங்கே எண்ணை ஆயுதமாகத் தூக்காதீர்கள், நேராகவே ‘எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால்’ என்று பேசுங்கள். எதிரில் இருப்பவரிடம், எந்தத் தகவல் தெரிந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் உங்களுக்கான பதிலை முதலில் நீங்கள் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அது குறுக்கு விசாரணை மாதிரி ஆகிவிடும்.

அண்ணன் அந்தச் சம்பள உயர்வை வாங்கிக்கொண்டார். வரி அதிகம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் இப்போது நாங்கள் பேசுவது, அந்த வரி எதற்குச் செலவாக வேண்டும் என்பதைப் பற்றி.